எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள்

உடற்பயிற்சி, உணவு பற்றி வந்த வாசகர் கடிதங்களுக்குப் பாளையங்கோட்டையில் பொதுநல மருத்துவராக இருக்கும் நம் பத்தியாளரின் பதில்கள்.

கேள்வி: மூன்று மாதமாகத் தினமும் காலையில் அரை மணி நேரம் வேகமாக நடக்கிறேன். எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைத்துவிட்டேன். 74 கிலோ இருந்த எடை 73-க்குத்தான் வந்திருக்கிறது. "இதற்கா இத்தனை பாடு? பேசாமல் படுத்துத் தூங்கு" என்கிறார் கணவர். ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது என்பதைத் தவிர வேறு பலன் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா?
— வாசகி (வயது 46), சிவகாசி

பதில்: நல்ல தூக்கத்தை ஏதோ தீபாவளி மலரோடு வரும் இலவச இணைப்பு மாதிரி எழுதியிருக்கிறீர்களே, அம்மா! மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கும் இந்த வயதில், தூக்கத்துக்கு மாத்திரை எழுதித் தாருங்கள் என்று என்னிடம் வரும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அதன் விலை தெரியும்.

எடை பார்ப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். செருப்பைக் கழற்றுவார்கள். கைப்பையையும் செல்போனையும் மேசையில் வைப்பார்கள். ஒரு அம்மாள் மூக்குக் கண்ணாடியையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மெஷினில் ஏறினார். ஏறியபின் எண் தெரியவில்லை. "நீங்களே வாசித்துச் சொல்லுங்கள்" என்றார். அத்தனை பேருக்கும் அந்த ஒரு எண்தான் தீர்ப்பு.

உங்கள் கணவருக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்லுங்கள். லண்டனில் மாடி பஸ் ஓட்டிய டிரைவர்களையும் அதே பஸ்களில் டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களையும் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்தார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். கண்டக்டர் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குபவர். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953-இல் அவர் எழுதினார். டிரைவர்கள் பருமனானவர்கள், அதனால்தான் இப்படி என்று சிலர் மறுத்தார்கள். மனிதர் விடவில்லை. பஸ் நிர்வாகம் தைத்துக் கொடுத்த சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுகளையே வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதாக இருந்தது உண்மைதான். ஆனால் ஒல்லியானவர்களை ஒல்லியானவர்களோடும், தொப்பைக்காரர்களைத் தொப்பைக்காரர்களோடும் வைத்துப் பார்த்தபோதும் கண்டக்டரின் இதயமே தேவலை என்று தெரிந்தது. உடம்பு இளைக்காவிட்டாலும் படி ஏறியதன் கூலி இதயத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

எடை பெரும்பாலும் அடுப்படியில் முடிவாகிறது. உங்கள் அரை மணி நடையில் செலவாவது ஏறக்குறைய 130 கலோரி. மாலையில் ஒன்றிரண்டு வடை உள்ளே போனால் அது திரும்பிவிடும். நடையின் பலனை வேறு இடத்தில் தேடுங்கள். ரத்த அழுத்தத்தைப் பாருங்கள், சர்க்கரையைப் பாருங்கள், தொப்புளைச் சுற்றி நாடா வைத்து அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. மெஷினை மாதம் ஒருமுறை வெளியே எடுத்தால் போதும்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் 210 நிமிடம் நடக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவரின் இடுப்பையும் அதே நாடாவால் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஆண்களுக்கு 90. அதற்கு மேல் இருந்தால் அவரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: வெறும் வயிற்றில் வெந்நீரில் தேனும் எலுமிச்சைச் சாறும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையுமா?
— வாசகர், ஓசூர்

பதில்: வெந்நீரில் கரைவதற்கு நம் வயிற்றில் இருப்பது வெண்ணெயா? தேனும் சர்க்கரைதான். குடிக்கப் பிடித்தால் குடியுங்கள், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு மனைவி இறந்துவிட்டாள். பிள்ளைகள் வெளியூரில். "நடந்துவிட்டு வாருங்கள் அப்பா, மனசு சரியாகும்" என்று போனில் சொல்கிறார்கள். செருப்பை மாட்டவே மனம் வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இரவுச் சாப்பாடு பெரும்பாலும் பன்னும் டீயும்தான். நடந்தால் துக்கம் போய்விடுமா?
— வாசகர் (வயது 61), தென்காசி

பதில்: போகாது, ஐயா. துக்கம் போகிற நேரத்தில்தான் போகும். அதை விரட்ட நான் மருந்து வைத்திருக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் துக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன். மூன்று மணி விழிப்பு, பசியின்மை, எதிலும் மனம் ஒட்டாமை இவை மாதக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமானால் 14416 என்ற இலவச எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

பிள்ளைகள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதைத் தாண்டிய, மனச்சோர்வு நோய் உள்ள 156 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி, மூன்றாம் பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். 1999-இல் வெளிவந்த ஆய்வு இது. மாத்திரை வேகமாக வேலை செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே உடற்பயிற்சியைக் கூட்டாக, ஒருவர் மேற்பார்வையில் செய்தார்கள். தனியாகப் போய் நடந்துவிட்டு வா என்று யாரும் அவர்களை விட்டுவிடவில்லை.

எனவே ஆரோக்கியத்துக்காக நடக்கப் போகாதீர்கள். பால் வாங்கப் போங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போடும் பாக்கெட்டை நிறுத்திவிட்டு, வெயில் ஏறும் முன் கடைக்கு நீங்களே போங்கள். தெருவில் நடக்கிற பழைய நண்பர் யாராவது இருந்தால் அவரை உங்கள் வாசலில் வந்து கூப்பிடச் சொல்லுங்கள். வாசலில் ஒருவர் நிற்கும்போது செருப்பை மாட்டாமல் இருப்பது கஷ்டம்.

பன்னை நிறுத்துங்கள். அரிசியும் பாசிப்பருப்பும் ஒரு பிடி முருங்கைக்கீரையும் ஒரே குக்கரில் போட்டால் இரவுச் சாப்பாடு ஆயிற்று. கூட ஒரு அவித்த முட்டை. ஆஸ்திரேலியாவில் 67 பேரை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வில், காய், பருப்பு, மீன், கொட்டை வகை என்று உணவைத் திருத்திக்கொண்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு 12 வாரத்தில் மனச்சோர்வு விலகியது. பேச்சுத்துணை மட்டும் கிடைத்த பிரிவில் அப்படித் தேறியவர்கள் மிகக் குறைவு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பன்னுக்கு ஆதரவாக அப்படி ஓர் ஆய்வும் இல்லை.

கேள்வி: சர்க்கரை நோய்க்காக அரிசியை அடியோடு நிறுத்திவிட்டேன். காலையில் கம்பு தோசை நான்கு, மதியம் சாமைச் சோறு, இரவு கேழ்வரகுக் களி. சர்க்கரை இறங்கவே இல்லை. சிறுதானியம் என்பதெல்லாம் ஏமாற்றா?
— வாசகர் (வயது 52), நாமக்கல்

பதில்: ஏமாற்று இல்லை. ஆனால் 100 கிராம் கம்பில் 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். நார்ச்சத்து அரிசியைவிட அதிகம், அதற்காக நான்கு தோசை இரண்டாகிவிடாது. மூன்று வேளையையும் எழுதியிருக்கிறீர்கள். பொரியல், கூட்டு, கீரை, பயறு என்று ஒரு சொல்கூடக் காணோமே!

இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் ஒரே அறையில் தொடங்கியது. அதைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் சாப்பாட்டை எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற சீக்கியர் சாப்பாட்டு எலிகள் முதலிடம். நம் சென்னை மாகாணச் சாப்பாட்டு எலிகள் கடைசி இடம். (அங்கே எடை கூடியதுதான் ஆரோக்கியம். சிவகாசி வாசகி கவனிக்க!) சோற்றுக் குவியலும் அதன் ஓரத்தில் தொட்டுக்கொள்ளக் கொஞ்சமும் என்ற நம் தட்டின் கணக்கு அன்றிலிருந்து அதிகம் மாறவில்லை. நீங்கள் குவியலின் நிறத்தை மாற்றியிருக்கிறீர்கள்.

தட்டில் பாதியைக் காயும் கீரையும் அடைக்கட்டும். கால் பாகம் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஏதாவது ஒன்று. மிச்சமிருக்கும் காலில் கம்போ அரிசியோ உங்கள் விருப்பம். சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை, இன்சுலினின் துணை இல்லாமலே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சர்க்கரை நோயாளிக்கு இதைவிட மலிவான உதவி எனக்குத் தெரியாது. மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

கேள்வி: எப்போதும் அசதி. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. யோகா வகுப்பில் சேரலாமா?
— வாசகி (வயது 33), அரக்கோணம்

பதில்: முதலில் ரத்தப் பரிசோதனை. தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் காரணத்தைத் தேடி வைத்தியம் செய்யாமல் எந்த ஆசனமும் அசதியைப் போக்காது. சாப்பாட்டோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கீரையில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். ரத்தம் சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும். யோகா அதற்குப் பிறகு.

கேள்வி: மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு வாட்ச் அனுப்பியிருக்கிறான். பத்தாயிரம் அடி நடந்தால்தான் அது வாழ்த்துச் சொல்கிறது. எனக்கு ஆறாயிரத்துக்கு மேல் முடியவில்லை. இன்னொன்று: தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை.
— ஓய்வு பெற்ற ஆசிரியர் (வயது 71), மன்னார்குடி

பதில்: பத்தாயிரம் என்பது 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காகப் பிடித்த எண், சார். சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களைப் பற்றிய 2019 ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்குமேல் கூடுதல் பலன் இல்லை. உங்கள் ஆறாயிரம் நல்ல ஆறாயிரம்.

இரண்டாவதாக எழுதியதுதான் என் கவலை. தொடைத் தசை கரைகிறது. நடை மட்டும் அதை மீட்காது. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகளை மார்பில் குறுக்கே வைத்து, எழுந்து உட்காருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும்; தசைக்கு வேலை அங்கேதான். ஐந்து முறையில் தொடங்கிப் பத்துக்குப் போங்கள், வாரம் மூன்று நாள். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள். இந்த வயதில் இடுப்பு எலும்பை முறிப்பது பெரும்பாலும் தடுமாறும் ஒரு நொடிதான். தினமும் ஒரு கிண்ணம் சுண்டலும் இரண்டு டம்ளர் பாலும் இல்லாவிட்டால் தசை எதைக்கொண்டு வளரும்? மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவராக இருந்தால், ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு நாற்காலியைத் தேடுங்கள்.