கேள்வி பதில்: லென்ஸின் முகப்பில் எந்தக் கண்ணாடி?

கேள்வி: புதிதாகக் கேமரா வாங்கினேன். யுவி ஃபில்டர் போடாவிட்டால் லென்ஸ் பாழாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

பதில்: ஃபிலிம் காலத்தில் யுவி ஃபில்டருக்கு வேலை இருந்தது. புற ஊதாக் கதிர் ஃபிலிமில் பதிந்து, மலைக்காட்சிகள் நீலம் பாய்ந்து மங்கலாகத் தெரியும். டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னால் அக்கதிரைத் தடுக்கும் அடுக்கு இருப்பதால், இன்று அது வெறும் காப்புக் கண்ணாடிதான். அந்தக் காப்புக்கும் ஒரு விலை உண்டு. கோட்டிங் (பிரதிபலிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு) இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இரு பரப்புகளுக்குமாக 8 சதவீதம். தேர்த் திருவிழாவை இரவில் எடுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்மூலையில் பச்சையாக ஒரு போலி விளக்கு தலைகீழாக மிதக்கும். வாங்குவதாக இருந்தால் பல அடுக்குக் கோட்டிங் உள்ளதையே வாங்குங்கள். இரவில் அதையும் கழற்றிவிடுங்கள்.

எதிலாவது இடிபடாமல் காப்பதற்கு லென்ஸ் ஹுட்டே (லென்ஸின் முகப்பைச் சுற்றி மாட்டும் குழல் போன்ற மறைப்பு) மேல் என்பது என் கருத்து. மாமல்லபுரத்தில் ஒருமுறை என் லென்ஸ் பாறையில் விழுந்தபோது ஃபில்டர்தான் முதலில் நொறுங்கியது. ஆனால் அதன் சில்லு லென்ஸின் முன்கண்ணாடியில் இரண்டு கோடுகளைக் கிழித்துவிட்டது. அது காப்பாற்றியதா, கெடுத்ததா என்று இன்றுவரை என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

கேள்வி: நான் தனுஷ்கோடியில் அடிக்கடி படம் எடுக்கிறேன். எனக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை, உங்களுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம். உப்புச் சாரலும் பறக்கும் மணலும் உள்ள இடத்தில் ஒரு நாளில் பலமுறை துடைக்க நேரும். அந்தத் தேய்மானத்தை லென்ஸ் தாங்குவதைவிட, மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு கண்ணாடி தாங்கட்டும். உப்பு படிந்த பரப்பை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். முதலில் மணலை ஊதிவிட்டு, ஈரத் துணியால் உப்பைக் கரைத்து எடுங்கள்.

கேள்வி: பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் செய்வதைக் கணினியிலேயே செய்துவிடலாம் என்கிறார்களே?

பதில்: வானத்தின் நீலத்தைக் கூட்டலாம், அதற்குமேல் முடியாது. குற்றாலத்தின் ஈரப் பாறையில் வெள்ளைப் பளபளப்பு படிந்திருக்கும்போது, அதற்குக் கீழிருக்கும் நிறம் படத்தில் பதிவாவதே இல்லை. பதியாததை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. பள்ளிப் பாடத்தில் தளவிளைவு என்று படித்தோமே, அதுதான் இங்கே வேலை செய்கிறது: நீர், இலை, கண்ணாடி போன்றவற்றில் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதால், ஃபில்டரைச் சுழற்றி அதைத் தடுத்துவிடலாம். தண்ணீரில் இந்த விளைவு, பார்வைக்கோடு நீர்ப்பரப்போடு சுமார் 37 பாகை சாய்ந்திருக்கும்போது உச்சத்தில் இருக்கும். 1 முதல் 2 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) ஒளி குறையும் என்பதால், 1/250 நொடியில் எடுத்த இடத்தில் 1/60 வரை இறங்க நேரலாம். அருவியில் அது நமக்கு லாபம்தான்; ஓடும் குழந்தையைப் படம் எடுக்கும்போது நட்டம்.

கேள்வி: எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளைப் படம் எடுத்தபோது போலரைசர் போட்டும் பளபளப்பு போகவில்லை. ஃபில்டர் போலியா?

பதில்: அவசரப்பட்டு ஃபில்டரைக் குறை சொல்ல வேண்டாம். உலோகம் தெறிக்கும் ஒளியில் தளவிளைவு மிகக் குறைவு. எனவே திருமேனியின் மினுமினுப்பு போகாது. பேழையின் கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு மட்டுமே போகும். அதுவும் நேர் எதிரே நின்றால் போகாது. பக்கவாட்டில் நகர்ந்து, பார்வைக்கோடு கண்ணாடியோடு 35 பாகை அளவில் சாயுமாறு நின்று ஃபில்டரைச் சுழற்றுங்கள். எதிர்ச் சுவரின் விளக்கு மெல்ல அணைவதைக் காண்பீர்கள்.

கேள்வி: வாங்கும்போது சர்குலர் போலரைசர்தானா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: 'சர்குலர்' என்பது ஃபில்டரின் வட்ட வடிவத்தைக் குறிப்பதல்ல. முன்னால் போலரைசரும் பின்னால் கால் அலைத் தகடும் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சுழன்று அதிரவைக்கும் மெல்லிய தகடு) சேர்ந்தது அது. எஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸ் வழியே பார்க்கும்) கேமராக்களின் ஒளிமானியும் ஆட்டோஃபோகஸும் குழம்பாமலிருக்க அந்தத் தகடு தேவை. மடிக்கணினியின் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஃபில்டரின் முன்புறம் திரையைப் பார்க்கப் பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் கருக்க வேண்டும். பிறகு திருப்பிப் பிடித்துச் சுழற்றுங்கள். சர்குலராக இருந்தால் கருக்காமல் நிறம் மட்டும் சற்று மாறும். இரு புறமும் கருத்தால் அது லீனியர், அதாவது அந்தத் தகடு இல்லாத போலரைசர். எப்படியும் கருக்காவிட்டால் வெறும் சாயக் கண்ணாடி.

கேள்வி: என் லென்ஸ் 18-55. அப்படியானால் 55 மி.மீ. ஃபில்டர்தானே?

பதில்: அது குவியத் தூரம். லென்ஸ் முகப்பில் குறுக்குக் கோடிட்ட வட்டத்துக்கு அருகிலிருக்கும் எண்ணைப் பாருங்கள். கேனான் இஎஃப்-எஸ் 18-55 லென்ஸுக்கு அது 58. லென்ஸ்கள் பல இருந்தால், பெரிய அளவுக்கு நல்ல போலரைசர் ஒன்றை வாங்கி, மற்றவற்றுக்கு ஸ்டெப்-அப் வளையம் (சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரைப் பொருத்த உதவும் வளையம்) போடுங்கள். அப்போது ஹுட் பொருந்தாமல் போகலாம்.

கேள்வி: அகலக் கோண லென்ஸில் போலரைசர் போட்டால் வானம் திட்டுத்திட்டாக வருகிறதே?

பதில்: சூரியனுக்கு 90 பாகை விலகிய வானப் பகுதியே மிகவும் கருக்கும். அகன்ற சட்டத்தில் அந்தப் பகுதியும் மற்றதும் ஒருங்கே விழுவதால்தான் அப்படி. ஃபில்டரைக் கொஞ்சம் திருப்பி விளைவைக் குறையுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ஃபில்டர் இறுகிக் கழல மறுக்கிறது.

பதில்: இரு விரலால் கெட்டியாகப் பிடிக்கப் பிடிக்க வளையம் நசுங்கி இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பட்டையை விளிம்பைச் சுற்றிப் போட்டு, உள்ளங்கையை விரித்துச் சமமாகப் பிடித்து, அழுத்தாமல் திருப்புங்கள். போலரைசராக இருந்தால் சுழலும் முன்வளையத்தை விட்டு, லென்ஸை ஒட்டிய பின்வளையத்தைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள்.