ஆர்கானிக் மதிய உணவு: சான்றிதழ் முதல் சாப்பாட்டு டப்பா வரை – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிள்ளைகளின் பள்ளியில் மதிய உணவுக்கு ஒரு கேட்டரிங் நிறுவனத்தை அமர்த்தப் போகிறார்கள். ‘எங்கள் சமையல் முழுக்க ஆர்கானிக்’ என்கிறது அந்த நிறுவனம். பெற்றோர் குழுவில் இருக்கும் நாங்கள் இதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: ‘முழுக்க’ என்ற சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், முட்டை, மசாலா, சர்க்கரை என்று ஒவ்வொரு பொருளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து, எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று நிரப்பித் தரச் சொல்லுங்கள். ஒளிவுமறைவில்லாத சமையற்கூடத்தின் பட்டியலில் இரண்டு மூன்று ‘இல்லை’யாவது இருக்கும். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்ட தாளைத்தான் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது சான்றிதழ். அது யார் பெயரில் இருக்கிறது, எந்தெந்த விளைபொருளுக்குக் கொடுக்கப்பட்டது, எந்தத் தேதி வரை செல்லும், சான்றளித்த நிறுவனம் எது என்று பாருங்கள். ஒரு விவசாயி அரிசிக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டி, காய்கறியும் அப்படித்தான் என்று சொல்வது அடிக்கடி நடக்கும். சான்றிதழ் எண்ணைச் சான்றளித்த நிறுவனத்திடமே கொடுத்து, இன்னும் செல்லுபடியாகிறதா என்று கேட்டுவிடலாம்.

பலரும் செய்யாத, ஆனால் மிக எளிதான சோதனை ஒன்று உண்டு: எடைக் கணக்கு. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 60 கிராம் அரிசி என்று வையுங்கள். 200 பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 12 கிலோ. 20 பள்ளி நாட்களுக்கு 240 கிலோ. கடந்த மாத ஆர்கானிக் அரிசி ரசீதுகளைக் கேளுங்கள். கூட்டினால் 60 கிலோதான் வருகிறதென்றால், மீதி 180 கிலோ வேறு மூட்டையிலிருந்து வந்திருக்கிறது. எண்ணெய்க்கும் பருப்புக்கும் இதே கணக்குப் போடலாம்.

இவ்வளவு சரியாக இருந்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. எத்தனை மணிக்குச் சமைத்து இறக்குகிறார்கள், எத்தனை மணிக்குப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். உணவில் கிருமி பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில். சூடான உணவு பள்ளி வாசலில் இறங்கும்போது பாத்திரத்தின் நடுவில் கம்பி வெப்பமானியைச் செருகினால் 60க்கு மேல் காட்ட வேண்டும். ஓரத்தில் செருகினால் குறைவாகத்தான் காட்டும்; அதை வைத்துச் சண்டை போட வேண்டாம். நடுவிலேயே 45 காட்டினால், 60க்குக் கீழே வந்த உணவைச் சாப்பிட்டு முடிக்க வேண்டிய இரண்டு மணி நேரக் கெடு எப்போதோ ஓடத் தொடங்கிவிட்டது. வெளியே வெயில் 32 டிகிரியைத் தாண்டியிருந்தால் அந்தக் கெடு ஒரு மணி நேரம்தான். ஆர்கானிக் அரிசியில் வடித்த சோறும் மற்ற சோற்றைப் போலவே ஊசிப்போகும்.

கேள்வி: எல்லாப் பொருளையும் ஆர்கானிக்காக வாங்க வசதியில்லை. எதை முதலில் மாற்றலாம்? மற்றதைக் கழுவினால் போதுமா?

பதில்: எதற்காக மாற்றுகிறோம் என்று முதலில் தெளிவாக இருக்கட்டும். சத்துக்காக என்றால் அவ்வளவு பலனில்லை; வைட்டமின், தாது அளவில் பெரிய வித்தியாசம் இருப்பதற்கு உறுதியான சான்று இல்லை. பூச்சிக்கொல்லி எச்சம் குறைவது உண்மை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் 23 பேருக்கு ஐந்து நாட்கள் ஆர்கானிக் உணவு கொடுத்துச் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வில், மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய இரண்டு பூச்சிக்கொல்லிகளின் எச்சமும் மாறிய உடனேயே கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. பழைய உணவுக்குத் திரும்பியதும் எச்சமும் திரும்பிவந்தது.

ஆகவே தோலோடு தின்பது, தோல் மெலிந்தது, பிள்ளை வாரத்தில் நாலைந்து நாள் சாப்பிடுவது – இந்த மூன்றும் சேரும் பொருள்கள் முதலில். கீரை, திராட்சை, ஸ்ட்ராபெரி, ஆப்பிள், குடைமிளகாய் இந்த வரிசையில் வரும். வெங்காயம், அன்னாசி, முலாம்பழம் போல மேல்தோலை உரித்துப் போடுபவற்றைக் கடைசிக்குத் தள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு தடவை தொடும் பழத்தை ஆர்கானிக்கில் வாங்கி, தினசரிக் கீரையை விட்டுவிடுவது வீண் செலவு.

கழுவுவது பற்றி: ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து, ஆப்பிளை 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்து அலசினால் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எச்சம் நன்றாகப் போகிறது. 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பூச்சிக்கொல்லி, ஒரு பூஞ்சைக்கொல்லி என இரண்டு மருந்துகளை வைத்துக் காட்டியது இது. தோலுக்குள் ஊடுருவிய பகுதி மட்டும் கழுவினாலும் போவதில்லை. சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம் எல்லாம் வேண்டாம். பழம் அதையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஆர்கானிக் காயையும் கழுவத்தான் வேண்டும். அங்கேயும் கந்தகம், தாமிரக் கலவை, ஸ்பினோசாட் போன்ற மருந்துகளுக்கு அனுமதி உண்டு, மண்ணும் ஒட்டியிருக்கும்.

செலவைப் பற்றி இன்னொன்று. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம், பள்ளிகள் உட்படத் தன் பொதுச் சமையற்கூடங்களில் 90 சதவீதம் ஆர்கானிக் என்ற இலக்கை வைத்து அதை ஏறக்குறைய எட்டியது. இறைச்சியைக் குறைத்தார்கள், பருவத்துக் காய்களுக்கு மாறினார்கள், பாதி சமைத்து வரும் பாக்கெட்டுகளை விட்டுவிட்டுப் பச்சைக் காயிலிருந்து சமைத்தார்கள், குப்பைக்குப் போவதை எடை போட்டுக் குறைத்தார்கள். இந்த நான்கும் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: ‘நேச்சுரல்’, ‘ஆர்கானிக்’, ‘கெமிக்கல் ஃப்ரீ’ – பாக்கெட்டில் எதை நம்புவது?

பதில்: சான்று எண்ணும் சான்றளித்தவர் பெயரும் இருப்பதை. ‘நேச்சுரல்’ என்பதற்கு யாரும் வயலுக்கு வந்து பார்த்ததாக அர்த்தமில்லை. அமெரிக்க வேளாண் துறையின் யுஎஸ்டிஏ முத்திரைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பச்சை இலை முத்திரைக்கும் குறைந்தது 95 சதவீத மூலப்பொருள் ஆர்கானிக்காக இருக்க வேண்டும். அமெரிக்க பாக்கெட்டில் ‘ஆர்கானிக் மூலப்பொருள் சேர்த்துச் செய்தது’ என்று மட்டும் இருந்தால் அது 70 சதவீதம். அதில் முத்திரையைப் போடக் கூடாது. இந்தியப் பொருள்களில் ‘ஜைவிக் பாரத்’ போன்ற அரசு ஆர்கானிக் சின்னத்தைத் தேடுங்கள். பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் 9இல் தொடங்கும் ஐந்து இலக்க எண் ஆர்கானிக்கைக் குறிக்கும். ஆனால் அது கடைக்காரர் பில் போடும் வசதிக்காக வந்தது, சான்றாகாது.

கேள்வி: ஆர்கானிக் பிஸ்கட், ஆர்கானிக் ஜூஸ் கொடுத்து அனுப்புகிறேன். தினமும் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆர்கானிக் கரும்பிலிருந்து வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். நாளொன்றுக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பான, மொத்தக் கலோரியில் 10 சதவீதம் என்பது 40 கிராம் சர்க்கரை. 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது; அது 20 கிராம், ஐந்து டீஸ்பூன். 200 மில்லி ஆப்பிள் ஜூஸில், சர்க்கரை சேர்க்காவிட்டாலும், ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது. பழமாக மென்று தின்னும்போது இந்தக் கணக்கில் வராதது, பிழிந்து குடித்தால் வந்துவிடும். தேனும் அப்படித்தான். பிஸ்கட் பாக்கெட்டில் ‘100 கிராமுக்கு சர்க்கரை 24 கிராம்’ என்றிருந்து பிள்ளை 50 கிராம் தின்றால் 12 கிராம், மூன்று டீஸ்பூன். பழமும் தண்ணீரும் போதும்.

கேள்வி: காலை ஏழு மணிக்கு ஃபிளாஸ்க்கில் சூடாகப் போட்டால் மதியம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. சில நாள் புளித்த வாடை. ஃபிளாஸ்க் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் நிரப்பும் முறைதான் காரணம். குளிர்ந்த ஃபிளாஸ்க்கின் உட்சுவர், உணவின் சூட்டை முதல் சில நிமிடங்களிலேயே வாங்கிக்கொள்கிறது. கொதிநீரை ஊற்றி, மூடி, பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் உணவைப் போட்டு உடனே மூடுங்கள். வாய்க்குக் கீழே ஒரு விரலளவு மட்டும் இடம் விடலாம். பாதி ஃபிளாஸ்க் உணவு என்றால் சீக்கிரம் ஆறிப்போகும். சிறிய ஃபிளாஸ்க் வாங்குவதே சரி. சந்தேகமிருந்தால் ஒரு விடுமுறை நாளில் காலையில் கொதிநீர் நிரப்பி, பள்ளிச் சாப்பாட்டு நேரத்தில் திறந்து அளந்து பாருங்கள். 60 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெற்றிடச் சுவர் போயிருக்கலாம், மாற்றுங்கள். வாடைக்கு மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் பழைய குழம்பு இருக்கும்.

சூடு ஆறாத உணவோடு தயிரை ஒரே டப்பாவில் வைத்தாலும் புளிக்கும். தயிர்க் கிருமிக்கு 40 டிகிரியைச் சுற்றிய சூடு மிகப் பிடிக்கும். தயிரைத் தனிச் சிறு டப்பாவில், குளிர வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டிலோடு துணிப்பைக்குப் பதிலாக வெப்பம் தடுக்கும் பையில் வையுங்கள். இரண்டு பக்கமும் ஐஸ் பேக் இருந்தால் இன்னும் நல்லது.

முந்தைய இரவுச் சோற்றைச் சூடாக்கி அனுப்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் கொதியிலும் சாவதில்லை. சோறு மேடையிலேயே கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்ததை மட்டும், ஒரே ஒரு தடவை, ஆவி வரச் சூடாக்கிப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஆர்கானிக் அரிசியிலும் பருப்பிலும் வண்டு வருகிறது. அப்படியென்றால்தான் அசல் என்கிறார்களே?

பதில்: வண்டு யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. ஆர்கானிக் தானியக் கிடங்கில் பூச்சியைக் கொல்லும் பாஸ்பீன் புகை போடக் கூடாது என்பதால், தானியத்துக்குள் இருக்கும் வண்டு முட்டை தப்பிப் பிழைக்க வாய்ப்பு அதிகம். அவ்வளவுதான். சாதாரண அரிசியிலும் வண்டு வரும்.

ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். வந்ததும் ஒவ்வொரு கிலோவாகக் காற்றுப்புகாத பையில் பிரித்து, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வையுங்கள். ஐந்து கிலோ மூட்டையை அப்படியே வைத்தால் நடுப்பகுதி உறைய நாளாகும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தானியத்தில் முத்துமுத்தாகப் படிந்து, வண்டுக்குப் பதில் பூஞ்சை வரும். அது வண்டைவிட மோசம்.

கேள்வி: பார்த்துப் பார்த்து வாங்கிச் சமைத்து அனுப்பினால் டப்பா பாதி அப்படியே திரும்புகிறது. ஏழு வயது.

பதில்: பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுமுன், சாப்பிட முடிகிறதா என்று பாருங்கள். பள்ளியில் கொடுக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் வைத்து, வீட்டிலேயே அதே டப்பாவை அவர்களாகத் திறந்து சாப்பிடச் சொல்லுங்கள். மூடியைத் திறக்கவே மூன்று நிமிடம் போராடுவதும், கடினமான ஆப்பிளை மென்றுகொண்டே நேரம் போவதும் அங்கே தெரிந்துவிடும்.

பிறகு நமுத்துப்போவது. வெள்ளரியின் விதைப் பகுதியைச் சுரண்டிவிடுங்கள், உப்புத் தூவாதீர்கள், தண்ணீர் விடாது. ரொட்டியில் ஓரம்வரை வெண்ணெய் தடவினால் ஈரம் உள்ளே இறங்காது; தக்காளி தனி டப்பாவில். வெட்டிய ஆப்பிளை, ஒரு கப் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு கலந்து பத்து நிமிடம் போட்டு அலசி எடுத்தால் பழுப்பேறாது.

அளவும் முக்கியம். 4 முதல் 8 வயதுக்கு நாளொன்றுக்குப் புரதம் 19 கிராம் போதும்; மதியத்துக்கு ஆறேழு கிராம். ஒரு முட்டையோ, அரை கப் வெந்த கொண்டைக்கடலையோ அதைத் தந்துவிடும். கடலையோடு இரண்டு ஆரஞ்சுச் சுளை இருந்தால் அதன் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். காய் இரண்டு மூன்று கரண்டி வைத்துக் காலியாவது, எட்டுக் கரண்டி வைத்துத் திரும்புவதைவிட மேல். புதுக் காயைப் பள்ளி டப்பாவில் அறிமுகப்படுத்தாதீர்கள். பத்துப் பதினைந்து தடவை பார்த்து, தொட்டு, கொஞ்சம் தின்றபின்தான் பல பிள்ளைகள் ஒரு சுவையை ஏற்கிறார்கள்; அந்தத் தடவைகள் வீட்டில் நடக்கட்டும்.

கேள்வி: திராட்சை, வேர்க்கடலை கொடுக்கலாமா?

பதில்: ஐந்து வயதுக்குள் திராட்சையை முழுதாகக் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயை அப்படியே அடைக்கும் அளவு அது. நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். குறுக்கே இரண்டாக வெட்டினால் உருண்டை அப்படியே இருக்கும், பயனில்லை. முழுக் கடலையும் அந்த வயதுக்கு வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு, வகுப்பில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று ஆசிரியரிடம் கேட்டபிறகு.