தினமும் தண்ணீர் ஊற்றினால் சைகஸ் அழுகிவிடும்

கேள்வி: போன வருஷம் வாங்கிய, குட்டிப் பனை மாதிரி இருக்கும் சைகஸ் என்ற அழகுச் செடியைத் தொட்டியில் வைத்து, வெயில் படாமல் வராண்டாவில் வளர்க்கிறேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் இலை மஞ்சளாகிறது. புதுக் குருத்து விட்ட நாலே நாளில் வெறும் குச்சியாகிவிட்டது. ஜவ்வரிசி இந்த மரத்திலிருந்துதான் வருகிறது என்கிறார் மாமியார், நிஜமா?
- வாசகி, திருவான்மியூர்

பதில்: முதலில் அந்தத் தினசரித் தண்ணீரை நிறுத்துங்கள். சைகஸ் வறட்சியைத் தாங்கும், வேரில் தேங்கும் ஈரத்தைத் தாங்காது. இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்றவே வேண்டாம், தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தொட்டி மண்ணுக்குச் செம்மண்ணும் கொரகொரப்பான மணலும் சரிபாதி, கொஞ்சம் மக்கிய சாணம், அவ்வளவுதான். உங்கள் பக்கத்து மணல் மண் இதற்கு அருமையானது, இடமிருந்தால் தரையிலேயே நடலாம். மண் மாற்றும்போது பவளம் மாதிரி முடிச்சு முடிச்சாக வேர் தெரிந்தால் நோய் என்று வெட்டிவிடாதீர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன.

நிழலும் இதற்கு ஆகாது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள், ஆனால் முதல் இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் காட்டுங்கள், இல்லாவிட்டால் இலை கருகும்.

குருத்தைத் தின்றது புழுதான். சின்ன நீலப் பட்டாம்பூச்சி ஒன்று இளம் குருத்தாகப் பார்த்து முட்டையிடும், புழுவைச் சுற்றி எறும்பு மொய்க்கும். முற்றிய இலையை அது தொடாது. அதனால் குருத்து தலைகாட்டிய அன்றே பழைய கொசுவலையால் மூடி, இலை விறைக்கும்வரை மூன்று வாரம்போல விட்டுவிடுங்கள். நானும் இரண்டு வருஷம் குருத்தைப் பறிகொடுத்து வருத்தப்பட்ட பிறகுதான் இதைக் கற்றேன். இலையடியில் தேங்காய்த் துருவல் தூவியது போல வெள்ளையாக இருந்தால் அது செதில் பூச்சி; அந்த இலையை வெட்டி அப்புறப்படுத்தி, மற்றவற்றுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடியுங்கள்.

ரொம்ப மெதுவாகத்தான் வளரும், அதற்காக உரத்தைக் கொட்டாதீர்கள். லண்டன் கியூ தோட்டத்துக்கு 1775இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இதன் உறவுக்காரச் செடி ஒன்று இன்றும் தொட்டியிலேயே வாழ்கிறது!

அப்புறம் ஜவ்வரிசி. சேலத்துப் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுப்பதுதான் நம் வீட்டு ஜவ்வரிசி. சைகஸில் இலை, தண்டு எல்லாமே விஷம், கொட்டையில்தான் அதிகம். நாய் கடித்துத் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.