பாலமும் லோங்காங்கும்

வணக்கம் ஐயா,

பட்டர்வொர்த்தில் பிறந்தவன், இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எல்.ஆர்.டி. என்கிற இலகு ரயில் வரப்போகிற பாதைக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு விலைக்கு வருகிறது. 13-ஆவது மலேசியத் திட்டம் என்கிற ஐந்தாண்டுத் திட்டத்துக்கு 61,100 கோடி வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்கள். இவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? ரயில் சொன்ன நேரத்தில் ஓடுமா? எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டுவிட்டால் அரசாங்கத்துக்குக் கடன் மிச்சம்தானே? நம்பி வீட்டை வாங்கலாமா?

ச., பினாங்கு

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் செந்தூலில் எங்கள் தெருமுனை லோங்காங் (சாக்கடை) அடைத்துக்கொண்டு தண்ணீர் ரோட்டில் ஏறிவிட்டது. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பசியாறப் போனேன். அந்தக் கடுப்பு இதில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. 61,100 கோடியும் கஜானாவிலிருந்து வருவதில்லை. கூட்டரசின், அதாவது மத்திய அரசாங்கத்தின், மேம்பாட்டுச் செலவு 43,000 கோடி. 12,000 கோடி, அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனங்கள் உள்நாட்டில் போட வேண்டியது. உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அந்த ஊழியர் சேமநிதியும் அந்தக் கூட்டத்தில் உண்டு. மீதி 6,100 கோடி தனியாரோடு கூட்டு. இதெல்லாம் 2026-லிருந்து 2030 வரைக்கும்.

தனியாரிடம் விடுவதா? தம்பி, வயதை நினைத்து மன்னிக்கிறேன். கோலாலம்பூரின் முதல் இரண்டு எல்.ஆர்.டி. பாதைகளும் தனியார் போட்டவைதான். 1996-லும் 1998-லும் ஓடத் தொடங்கி, கடனைக் கட்ட முடியாமல் திணறி, 2002-ல் அரசாங்கத்தின் தலையில் வந்து விழுந்தன. இதற்குமேல் இதைப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

ரயில் வரும் என்றுதான் நினைக்கிறேன். மாநிலம் வருஷக்கணக்காகத் தூக்கிக்கொண்டு அலைந்ததை 2024-ல் கூட்டரசு கையில் எடுத்த பிறகுதான் அசைந்தது. சரி, நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன்.

நம் பட்ஜெட்டுக்கு இரண்டு பை. 2025-க்குத் தாக்கல் செய்தபோது நிர்வாகச் செலவுப் பையில் 33,500 கோடி, மேம்பாட்டுப் பையில் 8,600 கோடி. புதுக் கடன் வாங்குவது வழக்கமாக இந்த இரண்டாவது பைக்குத்தான். 2023-ல் நிறைவேறிய நிதிப் பொறுப்புச் சட்டமும் மேம்பாட்டுச் செலவு நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கிறது. கட்டியதைத் துடைக்க, தூர் வார, எண்ணெய் போட? அதற்கு முதல் பையில்தான் கையை விட வேண்டும். அங்கே சம்பளம், ஓய்வூதியம், மானியம், பழைய கடனுக்கு வட்டி எல்லாம் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. (மாநிலச் சாலைகளுக்குத் தனி மானியம் உண்டு, பெரிய பழுதுகளை இரண்டாவது பையில் நுழைப்பதும் உண்டு, தெரியும். சண்டைக்கு வராதீர்கள்.) கட்டுவதற்குக் கடன் கிடைக்கும், கூட்டுவதற்குக் கிடைக்காது. இதை இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் மனைவி எழுந்து போய்விடுகிறாள்.

எங்கள் அப்பா செபராங் பிறையில் ரோட்டு வேலை பார்த்தவர். மழை விட்டதும் சங்குலை (மண்வெட்டியை) சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், ஞாயிற்றுக்கிழமையானாலும். ஒரு தடவை என்னையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். மதகுக் குழாயின் வாயில் தென்னை மட்டையும் ஒற்றைச் செருப்பும் சிக்கிக் கிடந்தன. தோள்வரை கையை விட்டு இழுத்தார். மடக் மடக்கென்று தண்ணீர் இறங்கியது. "தார் ரோட்டைக் கெடுக்கிறது லாரி இல்லடா, தண்ணி" என்றார். ஓரத்தில் தேங்கியது அடியில் இறங்கிக் கல்லும் மண்ணும் ஊறிவிட்டால், அப்புறம் லாரி ஏற ஏறச் சேறு பிதுங்கும், தார் உட்கார்ந்து குழி விழும்.

1985 செப்டம்பரில் பினாங்குப் பாலத்தை வண்டிகளுக்குத் திறந்துவிட்ட பிறகு, வேன் பிடித்துக் குடும்பத்தோடு பார்க்கப் போனோம். பதின்மூன்றரை கிலோமீட்டர். நாங்கள் எல்லாரும் கடலைப் பார்த்தோம். அப்பா ரோட்டு ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "மழைத்தண்ணி போறதுக்கு ஓட்டை வச்சிருக்கான். அதை யாரு கூட்டுவா?" சித்தப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, இன்னிக்காவது லீவு எடுங்க."

அப்பா ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை, வேலை குத்தகைக்குப் போனது. புல் வெட்டுவது ஒருவருக்கு. வெட்டிய புல் லோங்காங்கில் விழுந்தால் அதை அள்ளுவது வேறொருவருக்கு. அந்த வேறொருவரை எங்கள் கம்பத்தில் (ஊரில்) ஒருத்தரும் பார்த்ததில்லை. அப்பா சாகிறவரைக்கும் அந்த மதகை அவரேதான் குத்திவிட்டுக்கொண்டிருந்தார், சம்பளமில்லாமல்.

வீட்டு விஷயத்தை மறந்தே போனேன். நல்ல மழை பெய்து விட்ட ஒருநாள், கட்டடத்தின் பின்பக்கம் போய் லோங்காங்கில் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா என்று பாருங்கள். ஏஜென்டைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.