நம்பகப் பொறியியல் படிக்க எந்த நூலை வாங்குவது?

கேள்வி: பரந்தனில் அரிசி ஆலை மோட்டர்களையும் வயல்களுக்கு நீர் இறைக்கும் பம்பிகளையும் பழுதுபார்த்து வருகிறேன். எந்தப் பாகம் எவ்வளவு காலம் உழைக்கும் என்று கணக்கிடும் நம்பகப் பொறியியலைக் கற்க விரும்புகிறேன். ஆங்கில நூல்களின் விலை அதிகம் என்பதால் ஒன்றைத்தான் வாங்க முடியும். எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?
– வாசகர், பரந்தன்

பதில்: இன்னும் பழுதடையாத பாகங்களை அந்த நூல் எவ்வாறு கணக்கில் எடுக்கிறது என்பதையே முதலில் பாருங்கள். காலபோக நெல் வருமுன் நீங்கள் ஒரே நாளில் பூட்டிய பத்துப் பேரிங்குகளில் நான்கு 300, 500, 700, 900 மணித்தியாலங்களில் பழுதாக, மீதி ஆறும் 1000 மணித்தியாலம் ஓடியும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பழுதானவற்றுக்கு மட்டும் சராசரி எடுத்தால் 600 மணித்தியாலம் வரும். ஓடுகின்ற ஆறின் 6000 மணித்தியாலத்தையும் சேர்த்து, மொத்தமாகிய 8400ஐ நான்கு பழுதுகளால் வகுத்தால் 2100 வரும். முதற்கணக்கை நம்புகிறவர் நல்ல பேரிங்கைக் கழற்றி எறிந்துவிடுவார். இரண்டாவது கணக்கும், பழுதாகும் வீதம் காலத்தோடு மாறாதிருந்தால் மட்டுமே பொருந்தும். தேய்மானம் உள்ள இடத்தில், சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் வைபுல் 1951இல் விரிவாக எடுத்துக்காட்டிய பரம்பலே, அதாவது பழுதுகள் காலத்தோடு எவ்வாறு பரவி வருகின்றன என்பதைக் காட்டும் கணிதச் சூத்திரமே, உதவும். பழுதடையாதவற்றைச் சேர்த்துக் கணக்கிடுவதையும் வைபுல் பரம்பலையும் செய்துகாட்டிய கணக்குகளோடு விளக்காத நூல், எவ்வளவு தடித்ததாக இருந்தாலும், உங்களுக்கு வேண்டாம்.

பணம் செலவழிக்குமுன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டைப் படித்துவிடுங்கள். அமெரிக்கத் தேசிய நியமங்கள் மற்றும் தொழினுட்ப நிறுவகத்தின் புள்ளியியல் கைநூலில் எட்டாவது அத்தியாயம் முழுவதும் இந்தப் பொருளுக்கே உரியது. மற்றது, விமானப் பராமரிப்பைப் பற்றி நௌலன், ஹீப் ஆகிய இருவரும் 1978இல் எழுதிய அறிக்கை. ஆராய்ந்த விமானப் பாகங்களில் ஏறத்தாழ 11 வீதமானவையே வயது கூடக்கூடப் பழுதாகும் இயல்பைக் காட்டின என்றும், ஆகவே குறித்த காலத்தில் மாற்றுவது எல்லாவற்றுக்கும் நன்மை தராது என்றும் அவர்கள் நிறுவிய விதம் வாசிக்க வாசிக்க வியப்பூட்டுவது. ஆயினும் அந்த வீதத்தை ஆலைக்குள் அப்படியே கொண்டுவராதீர்கள்; உமித்தூசிக்குள் சுழலும் பேரிங் விமானப் பாகத்தைப்போல் நடந்துகொள்ளும் என்று எண்ண இடமில்லை.

கணிதம் தடையாக இருந்தால், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்தில் படிக்கும் உங்களுக்குத் தெரிந்த மாணவர் ஒருவரோடு அமர்ந்து ஓர் அத்தியாயத்தைப் பார்க்கலாம். அதுவரை காத்திராமல், ஒவ்வொரு பாகத்தையும் பூட்டிய திகதி, ஓடிய மணித்தியாலம், பழுதான விதம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றையும் விடாமல் எழுதுங்கள்.