ஸ்டேப்ளரை மூடி வையுங்கள்

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. ரேஷன் கடைக்குப் போன அணிலைப் பற்றி நான் இட்டுக்கட்டிச் சொன்ன கதையைத் தினமும் கேட்கிறாள். ஒரு வரி மாறினாலும் சண்டைக்கு வருகிறாள். அதையே புத்தகமாக்கிக் கொடுக்க ஆசைப்பட்டு, ஏ4 தாள்களை மடித்து ஸ்டேப்ளர் அடித்தேன். இரண்டே நாளில் நடுத்தாள் கையோடு வந்துவிட்டது. படம் ஒட்டிய பக்கங்கள் பொரித்த அப்பளமாகச் சுருண்டுகொண்டன. எனக்கு வரையவும் வராது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: சகோதரி, முதலில் அந்த ஸ்டேப்ளரை மூடி வையுங்கள். மூன்றரை வயதுக் குழந்தை பக்கத்தைப் புரட்டுவதில்லை, பிடித்து இழுக்கிறது. இரண்டு கம்பிகள் அதற்குத் தாங்காது. கழன்று விழுந்த கம்பி வாய்க்குப் போனால் இன்னும் வம்பு. ஊசியும் நூலும் போதும்.

தாளை மாற்றுங்கள். ஜெராக்ஸ் தாளில் பின்பக்கத்துப் படம் முன்பக்கம் தெரியும். சற்றுத் தடித்த டிராயிங் தாள் நல்லது. வாங்கியவுடன் மடித்துவிடாதீர்கள், நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு வாக்கில் இணங்கும், மற்றதில் முரண்டு பிடிக்கும். தாளுக்குள் இழைகள் ஓடும் திசைதான் காரணம். இணங்கும் வாக்கில் மடிப்பு வரும்படி வெட்டிக்கொண்டால் மடிப்பு வெடிக்காது, பக்கங்களும் விறைத்துக்கொண்டு நிற்காது.

நான்கு தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 16 பக்கம். இந்தக் கதைக்கு அது தாராளம். வெளியே சார்ட் அட்டையைப் போர்த்துங்கள். பழைய செய்தித்தாள் கட்டின்மேல் எல்லாவற்றையும் சேர்த்து விரித்து வைத்து, மடிப்புக் கோட்டின் மேலேயே மூன்று ஓட்டைகள் குத்துங்கள்: நடுவில் ஒன்று, மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. மெல்லிய தையல் நூல் தாளை அறுத்துவிடும். தடித்த பருத்தி நூலை, புத்தக உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளம் எடுத்து, மெழுகுவர்த்தியில் உரசி இழுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி உள்ளிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே போகட்டும். மேல் ஓட்டை வழியாக உள்ளே வரட்டும். அங்கிருந்து நடுவைத் தாண்டி, நேராகக் கீழ் ஓட்டை வழியாக வெளியே. பிறகு மறுபடியும் நடு ஓட்டை வழியாக உள்ளே. இப்போது நூலின் இரு முனைகளும் நடுப்பக்கத்தில் இருக்கும். இடையில் ஓடும் நீளத் தையலுக்கு இப்புறம் ஒரு முனை, அப்புறம் ஒரு முனையாக நிறுத்தி, மடிப்பின் திசையிலேயே இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். தாளை விட்டு மேலே தூக்கி இழுத்தால் ஓட்டை கிழியும்.

தைப்பது கடைசி வேலை. எழுதுவதும் ஒட்டுவதும் அதற்கு முன்பே முடிய வேண்டும். அதற்கும் முன்பாக, வீணான தாளில் சிறிய மாதிரி ஒன்று மடித்துப் பக்க எண் போட்டுக்கொள்ளுங்கள். பிரித்தால் ஒரே தாளில் 1-க்குப் பக்கத்தில் 16 வரும்; மாதிரி இல்லாமல் இறங்கினால் அணில் கடைக்குப் போகும் முன்பே வீடு திரும்பிவிடும். ஒற்றை எண் பக்கங்கள் எல்லாம் வலப்பக்கம் வரும். திருப்பத்தை அங்கே வையுங்கள். "அணில் பையைத் திறந்து பார்த்தது. உள்ளே..." என்று 5-ஆம் பக்கத்தை நிறுத்தினால், என்ன இருந்தது என்று மனப்பாடமாகத் தெரிந்தாலும் அவள் கை தாளைத் திருப்பத் துடிக்கும். 8, 9 இரண்டும் சேர்ந்த நடுத்தாள் மட்டுமே முழுத் தாள். ரேஷன் கடை வரிசையை அங்கே நீட்டிவிடுங்கள். பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. சொற்களை அவள் திருத்திச் சொல்கிறபடியே எழுதுங்கள்; அழகுபடுத்த வேண்டாம்.

வரைய வராதது ஒரு குறையே இல்லை. ஒரு அணிலை மட்டும் தடித்த அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, எல்லாப் பக்கத்துக்கும் அதையே வைத்துக் கோடிழுத்துப் பழுப்பு உறைத்தாளில் வெட்டுங்கள். அணில் பக்கத்துக்குப் பக்கம் ஆள் மாறினால் இந்த வயதுக்குக் குழப்பம். முதுகில் மூன்று கோடு பென்சிலில். பைக்கு நிஜ மஞ்சள் பையிலிருந்து ஒரு துண்டு. அரிசியை அவளே புள்ளி வைக்கட்டும். பாசிமணி, பொத்தான், ஜிகினா எதுவும் வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள்.

பக்கம் சுருள்வதற்குக் காரணம் ஈரம். பசை பட்ட பக்கம் விரிந்து, காயும்போது சுருங்கித் தாளை இழுக்கிறது. பசையை மெல்லியதாகத் தடவி, மேலும் கீழும் உலர்ந்த தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மைதாப் பசையே போதும். ஒரு கரண்டி மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடிப் பதம் வரும்வரை கிளறுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டிங் செய்பவர்கள் இதில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம். இந்தப் புத்தகம் எப்படியும் ஒரு தடவையாவது கடிபடும், ஆகவே கலக்காதீர்கள். துத்தம் போடாத பசை சீக்கிரம் புளித்துவிடும் என்பதால், வேண்டியதை மட்டும் அன்றன்று காய்ச்சிக்கொள்ளுங்கள்.