முதல் வருட மார்க் கணக்கில் வராது என்று விட்டுவிடாதீர்கள், தம்பி

தம்பி, ஈரோட்டிலிருந்து லெஸ்டர் வந்து மூன்று வாரம் ஆகிறது, மார்க்கெட்டிங் பி.ஏ. முதல் வருடம், வாரத்துக்கு 12 மணி நேரம்தான் வகுப்பு, முதல் வருட மார்க் பட்டத்தில் சேராது, 40 எடுத்தால் பாஸ் என்கிறார்கள், அப்படியென்றால் இந்த வருடம் முழுக்க வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்துவிட்டு இரண்டாம் வருடத்திலிருந்து ஒழுங்காகப் படித்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பொள்ளாச்சிக்காரி. 2010 செப்டம்பரில் இதே படிப்புக்குத்தான் இங்கிலாந்து வந்தேன், இன்றைக்கும் இதே துறையில்தான் வேலை. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

முதலில் அந்த 12 மணி நேரத்தைப் பார்ப்போம். இங்கே ஒரு வருடத்துக்கு 120 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு, ஆக மொத்தம் 1,200 மணி நேரம். வகுப்பு நடக்கும் வாரங்கள் சுமார் 24 என்று வைத்தால் வகுப்பில் நீங்கள் உட்காருவது 290 மணி நேரம்கூட வராது. மீதி 900 மணி நேரத்துக்கு மேல் நீங்களாகப் படிக்க வேண்டியது. நம் ஊர் காலேஜில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைத்துப் பழக்கியதால், டைம்டேபிளில் காலியாக இருப்பதெல்லாம் லீவு மாதிரித் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

முதல் வருட மார்க் பட்டத்தில் சேராது என்பது பெரும்பாலான இடங்களில் உண்மைதான். ஆனால் அந்த மார்க்கைப் பார்க்கப் போகிறவர்கள் வேறு. மார்க்கெட்டிங் படிப்பில் இரண்டாம் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும் நடுவில் ஒரு வருடம் கம்பெனியில் வேலை பார்க்கும் பிளேஸ்மென்ட் வருடம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. பெரிய கம்பெனிகள் அதற்கான விண்ணப்பத்தை இரண்டாம் வருடம் தொடங்கிய உடனேயே, செப்டம்பர் அக்டோபரிலேயே திறந்துவிடும். அந்த நேரத்தில் உங்கள் கையில் காட்டுவதற்கு இருப்பது முதல் வருட மார்க் மட்டும்தான்! 42 எடுத்தவரும் 66 எடுத்தவரும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பார்கள், பிளேஸ்மென்டுக்குக் கூப்பிடும்போது ஒருவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்புறம் இங்கே 66 என்றால் நல்ல மார்க், 70க்கு மேல் போனால் முதல் வகுப்பு. ஊரில் 95 எடுத்துவிட்டு வந்த பிள்ளைகள் 62 பார்த்ததும் உடைந்துபோகிறார்கள், அதற்காக நீங்கள் கலங்க வேண்டாம். உங்கள் படிப்பில் அந்த வருடம் இருக்கிறதா, மூன்று வருட விசாவில் வந்தவர் படிப்பை நான்கு வருடமாக மாற்றினால் விசாவை எப்படி நீட்டிப்பது என்பதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.

எனக்கு முதல் கட்டுரைக்கு வந்தது 48. பாடப் புத்தகத்தில் இருந்த விளக்கங்களை, மெக்கார்த்தி என்ற மார்க்கெட்டிங் பேராசிரியர் 1960இல் சொன்ன அந்த நான்கு பி (பொருள், விலை, விற்கும் இடம், விளம்பரம்), இன்னொரு பேராசிரியர் கோட்லர் சொன்னது என்று எல்லாவற்றையும் அழகாக வரிசைப்படுத்தி எழுதியிருந்தேன், ஊரில் அதற்கு முழு மார்க் கிடைத்திருக்கும். திரும்பி வந்த தாளில் 'விவரிப்பு அதிகம், அலசல் இல்லை' என்று எழுதியிருந்தது. இரண்டு நாள் அழுதேன். அப்புறம்தான் புரிந்தது, டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் 1995இல் கிளப்கார்டு என்ற வாடிக்கையாளர் அட்டையைக் கொண்டுவந்தது என்று எழுதினால் போதாது, தள்ளுபடி கொடுத்து அந்தக் கடை வாங்கிக்கொண்டது என்ன, யார் எதை எப்போது வாங்குகிறார்கள் என்ற தகவல் கையில் வந்ததும் எது மாறியது, அதில் வாடிக்கையாளருக்கு நஷ்டம் உண்டா என்று எழுத வேண்டும்.

விலை நிர்ணயம் பற்றிய ஒரு செமினாரில், வாயே திறக்காமல் இருந்த நான், பொள்ளாச்சி மாட்டுச்சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைச் சொன்னேன். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது, அடுத்த மாட்டுக்கு வேறு விலை பேசலாம். அதையும் எல்லாருக்கும் தெரியும்படி விலையை ஒட்டி வைக்கும் சூப்பர்மார்க்கெட்டையும் ஒப்பிட்டு அரை மணி நேரம் வகுப்பே பேசியது. நீங்கள் ஈரோடு, ஜவுளிச் சந்தையையும் மஞ்சள் மண்டியையும் பார்த்து வளர்ந்தவர், அதையெல்லாம் கூச்சப்படாமல் வகுப்பில் பேசுங்கள்.

கணக்கு வராது என்று மார்க்கெட்டிங் எடுத்திருந்தால் அதையும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். இரண்டாம் வருடத்தில் ஆராய்ச்சி முறைகள் என்று ஒரு பாடம் வரும், சர்வே எடுத்து, புள்ளியியல் மென்பொருளில் போட்டு, வந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். எக்செலை இந்தக் குளிர்காலத்திலேயே கற்றுக்கொண்டால், வேலைக்கு வந்தபிறகு தினமும் கைகொடுக்கும்.

வேலைக்கே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டும், வீட்டில் எவ்வளவு கடன் வாங்கி அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வகுப்பு நடக்கும் காலத்தில் உங்கள் விசாவுக்கு வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி, திங்கள் முதல் ஞாயிறு வரை எண்ணுவார்கள், ஒரு வாரம்கூட அதைத் தாண்டாதீர்கள். நான் 12 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். முடிந்தால் கடை வேலையாகப் பாருங்கள். நான் சனி ஞாயிறு ஒரு சூப்பர்மார்க்கெட் கல்லாவில் இருந்தேன், செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் சாமான் அலமாரிக்கு வருவதையும், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஈஸ்டர் சாக்லேட் முட்டை வந்து நிற்பதையும், கடையின் சொந்த பிராண்டுக்கு எந்தத் தட்டில் இடம் கொடுக்கிறார்கள் என்பதையும் அங்கேதான் பார்த்தேன்.

இன்னொன்று, நம் படிப்புக்காரர்கள் நிறையப் பேர் தெரியாமல் மாட்டிக்கொள்வது. மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. ஒரு கடைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்திக் காசு வாங்குவது, ஃப்ரீலான்ஸாக லோகோ செய்து கொடுப்பது, ஆப் மூலம் சொந்தக் கணக்கில் உணவு டெலிவரி செய்வது எல்லாம் அதில் வரும். ஊரில் இருக்கும் கிளையன்டுக்கு ராத்திரி உட்கார்ந்து செய்து கொடுத்தாலும் அதே கதைதான்.

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே, 2012 ஏப்ரலில், படிப்பு முடிந்து இரண்டு வருடம் தங்கி வேலை தேடும் விசாவை மூடிவிட்டார்கள். அதை நம்பித்தான் வந்திருந்தோம். என்னைக் காப்பாற்றியது பிளேஸ்மென்ட் செய்த இடத்திலேயே கிடைத்த வேலை. உங்களுக்கு இப்போது அதுபோன்ற விசா இருக்கிறது, ஆனால் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். அதற்குள் வேலை விசாவுக்கு உங்களை ஸ்பான்சர் செய்யும் கம்பெனி கிடைக்க வேண்டும், புதிதாக வேலையில் சேருகிறவர்களுக்கே பொதுவாக வருடத்துக்கு 33,400 பவுண்டாவது சம்பளம் இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. மார்க்கெட்டிங்கில் ஆரம்ப வேலைகள் பலவற்றில் அந்தச் சம்பளம் வராது. ஏற்கெனவே ஒரு வருடம் வேலை பார்த்த அனுபவத்தோடு வருகிறவரால்தான் அதைக் கேட்க முடிகிறது, அதனால்தான் இந்த முதல் வருடத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

முதல் அசைன்மென்டின் தலைப்பையும் கடைசித் தேதியையும் எனக்கு எழுதுங்கள். எந்த அளவுகோலில் மார்க் போடுகிறார்கள் என்ற பட்டியல் அந்தப் பாடத்தின் கையேட்டிலேயே இருக்கும், எழுத ஆரம்பிக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள், நான் 48 வாங்கிய பிறகுதான் அதைத் திறந்தேன்.